வயிற்றுக் கிருமியும் அஞ்சறைப் பெட்டியும்

எண்டோஸ்கோப்பி அறிக்கையில் 'ஹெச். பைலோரி பாசிட்டிவ்' என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும், அன்று பொழுது சாய்வதற்குள் வைத்தியங்கள் வீடு தேடி வந்துவிடும். "வெறும் வயித்துல தேன் சாப்பிடு" என்பார் பெரியப்பா. "கருஞ்சீரகத்தைப் பொடிச்சுத் தேன்ல குழைச்சுக் கொடுங்கம்மா" என்பார் பக்கத்து வீட்டு பாய். கோஸ் சாறு, அதிமதுரம், பச்சைப் பூண்டு என்று வாட்ஸ்அப்பில் மிச்சம் வரும். மருத்துவர் எழுதிய 14 நாள் மாத்திரையோ பிரிக்காமல் மேசைமேல் கிடக்கும். கை நிறைய மாத்திரை, தின்றால் வாயெல்லாம் கசப்பு என்று கேள்விப்பட்டவுடன் தேன் பாட்டில் பக்கம் மனம் சாய்வது இயல்புதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரைப்பையில் குடியிருக்கும் இந்தக் கிருமியைத் தேனால் ஒழிக்க முடியாது. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வேறு எதனாலும் நம்பகமாக ஒழிக்க முடிந்ததாக இதுவரை காட்டப்படவில்லை. அதற்காகச் சமையலறைக்கு இதில் வேலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கூட நின்று கைகொடுக்கும் வேலை அதற்கு உண்டு. சித்த மருத்துவமும் தேனைப் பெரும்பாலும் அனுபானமாகத்தான் வைத்திருக்கிறது: மருந்தைக் குழைத்துக் கொடுக்க, அதன் கடுமையைத் தணிக்க. அந்த அளவோடு தேனைப் பயன்படுத்துவது எப்படி, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

அமிலத்துக்குள் குடித்தனம்

வயிற்றுப்புண் ஏன் வருகிறது என்று கேட்டால் நம் ஊரில் இரண்டு பதில்தான்: நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, காரம் அதிகம். மருத்துவ உலகமும் 1980கள் வரை கிட்டத்தட்ட இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. கவலையையும் அமிலத்தையும் குற்றம் சொன்னது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் 1979இல் இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்துகொண்டார். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கப் பல முறை முயன்றார்கள், முளைக்கவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில், வழக்கமாக இரண்டு நாளில் தூக்கி எறியப்படும் வளர்ப்புத் தட்டுகள் சில நாள் கூடுதலாகக் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி முளைத்திருந்தது. மெதுவாக வளரும் ஜாதி அது, பொறுமையில்லாமல் எறிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தியும் வாய்நாற்றமும் வந்தன. பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழன்று கிடந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது.

கதை சுவாரசியமானது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கிருமியின் குணம் தெரிந்தால்தான் வைத்தியத்தை எடைபோட முடியும். அதன் மூன்று குணங்களை நினைவில் வையுங்கள்.

யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கும் யூரியேஸ் என்ற நொதி அதனிடம் இருக்கிறது. அமோனியா சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடும். இரும்பாணியையும் அரிக்கும் அமிலத்தின் நடுவே அது தனக்கென்று ஓர் அமிலமில்லாத கூட்டைக் கட்டிக்கொள்வது இப்படித்தான். இரண்டாவது, அது வயிற்றில் மிதப்பதில்லை. சுருள் உடம்பாலும் வால் இழைகளாலும் துளைத்துக்கொண்டு, இரைப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியையும் அது ஏராளமாக வைத்திருக்கிறது. தேனைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றாவது குணம் முக்கியமாக வரும்.

இன்னொரு உண்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொல்லையும் வராது. சிலருக்குப் புண் வரும், மிகச் சிலருக்குப் புற்றுநோய் வரும். புண் வந்தவர்களுக்கும் வலி ஒரே சீராக இருப்பதில்லை. சில வாரம் எரியும், சில வாரம் அடங்கும், மறுபடி கிளம்பும். அடங்கியிருக்கும் வாரத்துக்குச் சற்று முன் எதைச் சாப்பிட்டோமோ அதற்கே பெயர் கிடைத்துவிடும். வீட்டு வைத்தியங்களின் புகழில் பாதி இப்படிச் சேர்ந்ததுதான். கலிஃபோர்னியாவில் கார்னெட் செனி என்ற மருத்துவர் 1949இல் 13 புண் நோயாளிகளுக்குப் பச்சைக் கோஸ் சாறு கொடுத்தார். புண் வேகமாக ஆறியதாக எழுதினார். இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்தச் சாறுதான். அப்போது கிருமியைப் பற்றி யாருக்கும் தெரியாது, ஆகவே கிருமி போயிற்றா என்று யாரும் பார்க்கவும் இல்லை.

தேன்: ஆய்வகத் தட்டில் ஒன்று, வயிற்றில் வேறொன்று

தேன் கிருமியைக் கொல்லும் என்பது பொய்யல்ல. அதில் 80 சதவீதம் அளவுக்குச் சர்க்கரை, நீர் 20 சதவீதத்துக்கும் குறைவு. கிருமியின் உடலிலிருந்தே நீரை உறிஞ்சிவிடும். அமிலத்தன்மையும் உண்டு. இவை தவிர, தேனீ தன் பங்குக்குச் சேர்க்கும் ஒரு நொதி, தேனில் நீர் கலக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் தேன் தடவுவதற்கு இவையெல்லாம் அறிவியல் பூர்வமான காரணங்கள். தேனைச் சூடாக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

இப்போது கேட்டலேஸை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சாதாரணத் தேனின் பெரிய ஆயுதம் பெராக்சைடு, ஹெச். பைலோரியிடம் பெராக்சைடை முறிக்கும் நொதி தயாராக இருக்கிறது. 1994இல் நியூசிலாந்தில் பீட்டர் மோலன் குழுவினர் செய்த ஆய்வில் இது வெளிப்பட்டது. பெராக்சைடை நம்பியிருக்கும் தேனை 40 சதவீதக் கரைசலாக வைத்தும் கிருமி அசரவில்லை. ஆனால் அந்நாட்டின் மனுகா புதர்ப் பூக்களிலிருந்து வரும் தேன், வளர்ப்புத் தட்டில் வெறும் 5 சதவீதம் இருந்தபோதே கிருமியின் வளர்ச்சியை 72 மணி நேரத்துக்கு முழுவதுமாக நிறுத்தியது. மனுகா தேனின் வலு பெராக்சைடில் இல்லை, மீத்தைல்கிளையாக்சால் என்ற வேறொரு பொருளில் இருக்கிறது என்பதைப் பிற்பாடு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாட்டிலில் 'எம்ஜிஓ' என்று போட்டிருக்கும் எண், ஒரு கிலோ தேனில் அது எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதைக் குறிக்கும்.

இந்த 5 சதவீதம்தான் உலகம் முழுக்கப் பரவிய நம்பிக்கைக்கு வேர். கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதாகவே தோன்றும். ஒரு மேசைக்கரண்டி தேனை ஒன்றேகால் டம்ளர் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய 5 சதவீதம் வந்துவிடும். ஆனால் தட்டில் இருக்கும் கிருமிக்குத் தப்பிக்க வழியில்லை. மூன்று நாள் முழுக்கத் தேனிலேயே கிடக்கிறது. வயிற்றிலோ நாம் குடித்த தேன்தண்ணீரில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் குடலுக்கு இறங்கிவிடும். இருக்கும் சொற்ப நேரத்திலும் அமிலமும் எச்சிலும் கலந்து நீர்த்துப்போகும். கிருமி இருப்பது சளிப்படலத்துக்கு அடியில். மாடியில் தெளித்த மருந்து நிலவறையில் இருக்கும் எலிக்கு என்ன செய்யும்?

மனிதர்களிடமும் பார்த்தார்கள். 1999இல் இங்கிலாந்தில் ஒரு சிறு சோதனை நடந்தது. 12 பேருக்கு இரண்டு வாரம், தினம் நான்கு வேளை ஒரு கரண்டி மனுகா தேன். அவர்களில் பாதிப் பேருக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து. முடிவில் 12 பேரிடமும் கிருமி அப்படியே இருந்தது. சோதனை சிறியதுதான். ஆனாலும் பன்னிரண்டில் ஒன்றுகூடத் தேறவில்லை என்பதை அலட்சியப்படுத்த முடியாது. ஆயிரக்கணக்கில் விலை போட்டு மனுகா பாட்டில் வாங்க நினைப்பவர்கள், அந்தப் பணத்தில் மூச்சுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கருஞ்சீரகம் கொஞ்சம் தனி

பக்கத்து வீட்டு பாயின் யோசனையை அப்படியே தள்ளிவிட முடியாது. எல்லா வீட்டு வைத்தியங்களையும் ஒரே தராசில் வைப்பது நியாயமும் அல்ல. கருஞ்சீரகத்துக்கு மனிதர்களிடம் செய்த சோதனைகளே இருக்கின்றன. 2010இல் வெளியான சவூதி அரேபிய ஆய்வில் 88 பேர் கலந்துகொண்டார்கள். வழக்கமான மூன்று மருந்துச் சிகிச்சை எடுத்தவர்களில் சுமார் 83 சதவீதம் பேருக்குக் கிருமி போனது. அமிலம் குறைக்கும் மாத்திரையோடு தினம் 2 கிராம் கருஞ்சீரகம் எடுத்தவர்களில் 67 சதவீதம் பேருக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், 1 கிராம் எடுத்தவர்களுக்கும் 3 கிராம் எடுத்தவர்களுக்கும் 48 சதவீதம்தான். அளவைக் கூட்டினால் பலன் குறைகிறது என்றால், ஒவ்வொரு பிரிவிலும் இருபது சொச்சம் பேர் மட்டுமே இருந்ததால் வந்த ஏற்ற இறக்கமாக அது இருக்கலாம் என்ற சந்தேகம் எழத்தான் செய்யும்.

தேனும் கருஞ்சீரகமும் சேர்ந்த கலவையை ஈரானில் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். தினம் 6 கிராம் கருஞ்சீரகப் பொடி, 12 கிராம் தேன், இரண்டு வாரம். சோதனையை முழுதாக முடித்த 14 பேரில் 8 பேரிடம் கிருமி இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு கிடையாது.

நம்பிக்கை தரும் செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கே புண் இருந்து, அதிலிருந்து இரத்தம் கசியும் அபாயம் இருந்தால், நூற்றுக்கு ஐம்பது அறுபது தேறும் வைத்தியத்தை நம்பிக் காத்திருப்பீர்களா? நான் இருக்க மாட்டேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பொடியில் கருஞ்சீரகம் சேர்ப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. மருந்தளவில் தினமும் எடுப்பதென்றால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுக்கவேண்டும். அது இரண்டையும் இறக்கக்கூடியது. கர்ப்பிணிகள் மருந்தளவில் தொடவேண்டாம்.

பூண்டும் பச்சை மிளகாயும், கோஸின் உறவினரும்

பூண்டைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1999இல் கிருமி உள்ள 12 பேருக்குச் சாப்பாட்டோடு பத்துப் பல் பூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வேறொரு நாளில் ஆறு பச்சை மிளகாய் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சுப் பரிசோதனையில் இரண்டுக்கும் கிருமி அசையவில்லை. ஒப்பீட்டுக்குக் கொடுத்த பிஸ்மத் மாத்திரைக்கு மட்டும் அடங்கியது. சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 22 ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பல ஆண்டுகள் பூண்டு மாத்திரை எடுத்தவர்களிடையே இரைப்பைப் புற்றுநோய் மரணம் குறைந்தது. இரண்டே வாரம் கிருமிக்கு மாத்திரை எடுத்தவர்களிடமோ புற்றுநோய் வருவதும் குறைந்தது, மரணமும் குறைந்தது. பூண்டு ரசம் வையுங்கள், நல்லது. பச்சைப் பூண்டை வெறும் வயிற்றில் மென்று புண்ணை எரியவிடாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பூண்டு மாத்திரை பக்கம் போகவே வேண்டாம்.

கோஸின் உறவினரான புரோக்கோலியின் முளையில் சல்ஃபராஃபேன் என்ற பொருள் இருக்கிறது. ஜப்பானில் 48 பேர் கலந்துகொண்ட சோதனையில், தினம் 70 கிராம் முளையை எட்டு வாரம் தின்றவர்களிடம் கிருமியின் அறிகுறி அளவுகள் இறங்கின. நிறுத்திய இரண்டு மாதத்தில் பழைய இடத்துக்கே ஏறிவிட்டன. அடக்குவது வேறு, ஒழிப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

மஞ்சளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். புண் இல்லாமலே வரும் அஜீரணக் கோளாறுக்கு மஞ்சளின் குர்குமின், ஒமெப்ரசோல் மாத்திரைக்கு இணையாக நிவாரணம் தந்ததாக 2023இல் வெளியான தாய்லாந்து ஆய்வு சொல்கிறது. கிருமியைக் கொன்றதாக அது சொல்லவில்லை. சமையல் மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிளகுச் சத்து சேர்த்த வீரியமான குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

அதிமதுரத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். இனிப்பாக இருப்பதால் கெடுதல் செய்யாது என்று நினைத்து மாதக்கணக்கில் பொடியைத் தின்கிறார்கள். அது புண்ணை ஆற்றும் என்பதில் உண்மை இருக்கிறது. 1940களில் நெதர்லாந்து மருத்துவர் ஒருவர் இதைக் கவனித்து எழுதினார். அதிலிருந்து தயாரித்த கார்பினாக்சலோன் என்ற மருந்து பிரிட்டனில் 1960களில் புண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. கால் வீக்கம், இரத்த அழுத்தம், பொட்டாசியம் குறைவு என்று பக்கவிளைவுகள் வந்ததால் பிறகு வழக்கொழிந்தது. அதே பக்கவிளைவுகள் நாட்டு மருந்துக்கடைப் பொடிக்கும் உண்டு. இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான நோய் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தாங்களாகத் தொடக் கூடாது.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கூட்டாக வைத்துச் சாப்பிடுங்கள். எரிச்சலுக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். குளிர்ந்த பால் மட்டும் ஏமாற்றும். குடித்த நிமிடம் எரிச்சல் அடங்கும், சற்று நேரம் கழித்து அமிலச் சுரப்பைக் கூட்டிவிடும்.

14 நாளைக் கடப்பது எப்படி

சமையலறைக்கு உண்மையான வேலை இங்கேதான். சிகிச்சை பெரும்பாலும் இப்படி இருக்கும்: அமிலம் குறைக்கும் மாத்திரை இரு வேளை (நம் ஊரில் 'வெறும் வயிற்று மாத்திரை' என்பது இதைத்தான்), அதோடு இரண்டு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள், பல சமயம் பிஸ்மத்தும். அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல், டெட்ராசைக்கிளின் ஆகியவற்றில் எவை இரண்டு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்கு அடங்காத கிருமிகள் மிக அதிகம், கிளாரித்ரோமைசினுக்கும் அடங்காதவை பெருகி வருகின்றன. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கித் தின்றதன் பலன் இது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் நாள் வயிறு லேசானதும் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேனுக்கு மாறுவதுதான் இருப்பதிலேயே மோசமான காரியம். தப்பிப் பிழைக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை அதே மாத்திரை வேலை செய்யாது. நிறுத்தவைப்பது பெரும்பாலும் பக்கவிளைவுதான். ஆகவே அதைச் சமாளிக்கும் வழிகளைப் பார்ப்போம்.

வெறும் வயிற்று மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள். மற்றவற்றை மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். கிளாரித்ரோமைசினும் மெட்ரோனிடசோலும் வாயில் ஒரு கசப்பை, உலோகச் சுவையைத் தங்கவைத்துவிடும். மாத்திரை இறங்கியபின் அரைக் கரண்டி தேனை நாக்கில் விட்டுக்கொள்ளலாம். தேனின் உண்மையான பணி இதுதான், இதைச் செம்மையாகவே செய்யும். குமட்டலுக்கு இஞ்சித் துண்டோ சுக்குத் தண்ணீரோ நல்லது.

மாத்திரைகள் குடலின் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழிப்பதால் வயிறு கடமுடவென்று போகும். தயிரும் மோரும் கைகொடுக்கும் இடம் இது. புரோபயாட்டிக்குகள் சிகிச்சைக்காலத்து வயிற்றுப்போக்கைக் குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் டெட்ராசைக்கிளின் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும்: பால், தயிர், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்ந்தால் அந்த மருந்து உடலில் ஏறாது. மாத்திரைக்கும் மோருக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மாத்திரையை இட்லியோடு போட்டுவிட்டு மோரை நடுப்பகலுக்குத் தள்ளிவைத்தால் சிக்கலில்லை. மெட்ரோனிடசோல் உள்ளவரை மதுவைத் தொடக் கூடாது, முடிந்தபின்னும் மூன்று நாள் பொறுக்க வேண்டும்.

பிஸ்மத் சாப்பிட்டால் மலமும் நாக்கும் கறுக்கும். பயப்படாதீர்கள். பிஸ்மத்தோ இரும்புச் சத்து மாத்திரையோ சாப்பிடாத நேரத்தில் மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமெடுத்தால் அது இரத்தக் கசிவு, அன்றே மருத்துவமனை. இரத்த வாந்தி, காரணமில்லாத எடைக்குறைவு, விழுங்கச் சிரமம், நிற்காத வாந்தி, இரத்தசோகை இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு ஒரு நாள்கூட ஒதுக்காதீர்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன், இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். கிருமிக்கு அடுத்தபடியாகப் புண் உண்டாக்குபவை இந்த மாத்திரைகள்தான். ஆனால் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திடீர் வயிற்றுப்போக்கு வேறு கதை

கெட்டுப்போன சாப்பாட்டாலும் தண்ணீராலும் வரும் தொற்று குடலைத் தாக்குவது. இங்கே தேனுக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 169 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலில் குளுக்கோஸுக்குப் பதில் தேன் சேர்த்தபோது, பாக்டீரியாவால் வந்த வயிற்றுப்போக்கு 93 மணி நேரத்துக்குப் பதில் 58 மணி நேரத்தில் நின்றது. மற்றக் காரணங்களால் வந்த வயிற்றுப்போக்கில் வித்தியாசமில்லை.

படித்தவுடன் ஓ.ஆர்.எஸ். கரைசலில் தேனை ஊற்றிவிடாதீர்கள். அந்த ஆய்வில் தேன் குளுக்கோஸின் இடத்தில் அளந்து வைக்கப்பட்டது. அதற்கு மேல் கூடுதலாகச் சேர்க்கப்படவில்லை. பொட்டலக் கரைசலில் சர்க்கரை கூடினால் குடலுக்குள் நீர் இன்னும் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு மோசமாகும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது. நாக்கில் தொட்டுவைக்கும் சேனையிலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம்.

வயிற்றுப்போக்கில் உயிரைக் காப்பது நீர்தான். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பாத்திரங்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. பொட்டலம் கிடைத்தால் அதில் எழுதியிருக்கும் அளவு நீரில் கரையுங்கள். கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் சரியான உணவு. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள் வரை கொடுக்கச் சொல்வார்கள், அதை விட்டுவிடாதீர்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், கண் குழிவது, சிறுநீர் வராமலிருப்பது என்றால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

தேன் வாங்குபவர்களுக்கு

மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று பெயர்கள் பல. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து வருவது. பூவிலிருந்து வரவில்லையே என்று அதைக் கலப்படமாக நினைக்க வேண்டாம். உண்மையான கலப்படம் வேறிடத்தில் இருக்கிறது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனை ஜெர்மானிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்து, 2020 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே. அரிசிப் பாகு போன்ற சர்க்கரைப் பாகுகளைச் சாதாரணச் சோதனையில் சிக்காதபடி கலக்கிறார்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, திரியில் தோய்த்துக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. தெரிந்த தேனீ வளர்ப்பாளர் இருந்தால் அவரிடம் வாங்குங்கள். குளிரில் உறைந்த தேன் கெட்டதல்ல.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல்: ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. "இயற்கைச் சர்க்கரைதானே" என்ற சமாதானம் இரத்தப் பரிசோதனைக்குத் தெரியாது.

போயிற்றா என்று பார்ப்பது

மாத்திரையோ, சித்த மருந்தோ, கருஞ்சீரகமோ, எதை எடுத்திருந்தாலும் கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கிருமி போயிற்றா? எரிச்சல் நின்றது அதற்குச் சாட்சியாகாது. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்கள் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. அவர் மருந்து கொடுத்தாலும் முடிவில் செய்யவேண்டிய பரிசோதனை இதுவே.

இரண்டு பரிசோதனைகள் நம்பகமானவை. ஒன்று யூரியா மூச்சுப் பரிசோதனை: அடையாளமிட்ட யூரியாவை விழுங்கிவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் யூரியாவை உடைத்து, அடையாளமிட்ட கார்பன் டை ஆக்சைடு மூச்சில் வரும். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஒரு வகைப் பரிசோதனையில் லேசான கதிரியக்கம் உண்டு. மற்றொன்று மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுவது. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. கிருமி ஒழிந்தபின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், பாசிட்டிவ் என்றே காட்டும்.

கடைசி மாத்திரை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரம் வெறும் வயிற்று மாத்திரையை நிறுத்த வேண்டும். மருத்துவரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அது உள்ளே இருந்தால் கிருமி பதுங்கிக்கொண்டு சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். மறுபடியும் பாசிட்டிவ் வந்தால் பழைய சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். முதல் முறை கொடுத்த கிளாரித்ரோமைசினை மறுமுறை கொடுக்கக் கூடாது என்பதால் அந்தச் சீட்டு மருத்துவருக்குத் தேவைப்படும்.